கல்லில் யார் பெயர்? ஆஸ்திரேலியப் போர் நினைவுக்கற்களைப் படிக்க ஒரு வாரக் குறிப்பு

ஏப்ரல் 17

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் படைவீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25, அன்சாக் தினம். அதற்கு இன்னும் எட்டு நாள். அன்சாக் என்பது முதல் உலகப்போரில் அந்த இரு நாட்டு வீரர்களும் சேர்ந்திருந்த படையின் பெயர்ச்சுருக்கம். ஆஸ்திரேலியாவில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் முச்சந்தியிலோ பூங்காவிலோ ஒரு போர் நினைவுக்கல் நிற்கும். உடல் அடியில் இல்லாத நடுகல் அது. முதல் உலகப்போரில் மாண்டவர்களை ஊருக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. விழுந்த மண்ணிலேயே அடக்கம். அதனால் தாய்மார்களுக்குத் தொட்டு அழ இந்தக் கல் மட்டும்தான் இருந்தது.

ஆறு குடியேற்றங்கள் 1901-இல் ஒன்றுசேர்ந்து உருவான நாடு, போர் தொடங்கியபோது பதின்மூன்று வயது. மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. படையில் சேர்ந்தவர்கள் 4,16,000-க்கும் மேல், மாண்டவர்கள் 60,000-க்கும் மேல். தான் யார் என்று அந்த நாடு எழுதிப் பார்த்த முதல் ஏடு இந்தக் கற்கள்தான் என்பது என் எண்ணம். அதனால் இந்த வாரம் கல்லைப் படிப்பது பற்றியே எழுதுகிறேன்.

ஏப்ரல் 18

முதலில் பார்க்க வேண்டியது: பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் இறந்தவர்களா? பல ஊர்களில் இல்லை. போய்த் திரும்பியவர்களின் பெயரும் இருக்கும். மாண்டவர் பெயருக்குப் பக்கத்தில் சிறு சிலுவையோ நட்சத்திரமோ செதுக்கியிருப்பார்கள்.

காரணம் இதுதான். கடல் கடந்து போன அந்தப் படையில் ஒருவர்கூடக் கட்டாயத்தின் பேரில் சேர்க்கப்பட்டவர் இல்லை. கட்டாயப் படைச்சேர்ப்பு வேண்டுமா என்று 1916 அக்டோபர் 28 அன்று மக்களிடமே கேட்டார்கள். 72,476 வாக்கு வித்தியாசத்தில் 'வேண்டாம்' வென்றது. 1917 டிசம்பர் 20 அன்று மறுபடி கேட்டார்கள். வித்தியாசம் இன்னும் கூடியது. ஆகவே போனதே ஒரு பெருமை என்று திரும்பியவர் பெயரையும் பொறித்தார்கள். ஆனால் எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில், பெயர் இல்லாத வீடு எது என்பதையும் அதே கல் சொல்லிவிடும். ஒற்றுமையின் சின்னம் என்று மட்டும் இதைச் சொல்பவர்கள் இந்தப் பிளவை மறந்துவிடுகிறார்கள்.

போர் முடிந்த ஆண்டு 1918 என்றும் இருக்கும், 1919 என்றும் இருக்கும். இரண்டும் பிழையில்லை. முன்னது போர்நிறுத்தம், பின்னது வெர்சாய் சமாதான உடன்படிக்கை.

ஏப்ரல் 19

எழுத்துகள். பளிங்கில் பெரும்பாலும் ஈய எழுத்து. எழுத்தின் வடிவைப் பள்ளமாகச் செதுக்கி, பள்ளத்துக்குள் சிறு துளைகள் போட்டு, ஈயத்தை அடித்து இறக்கி, மேற்பரப்போடு சமமாகத் தேய்ப்பார்கள். துளைக்குள் போன ஈயம்தான் வேர் மாதிரி பிடித்துக்கொள்ளும். மழையில் பளிங்கு கரையும், ஈயம் கரையாது. ஆண்டுகள் போகப்போக எழுத்து கல்லைவிட மேலெழும்பி நிற்கும். அப்புறம் ஒரு நாள் கழன்று விழும்.

விழுந்தாலும் பெயர் போய்விடவில்லை. பள்ளமும் துளைகளும் இருக்கும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது பாருங்கள். அல்லது டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழலில் எழுத்து எழும். சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச், அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர் எதுவும் ஆகாது. பிடிமானம் தளர்ந்த ஈயம் அதோடு வந்துவிடும்.

அகரவரிசையில் வந்துகொண்டே இருந்து, கடைசியில் மட்டும் வரிசை தப்பிய பெயர்கள் இருந்தால் அவை பிற்பாடு சேர்த்தவை.

ஏப்ரல் 21

கல்லிலிருந்து காகிதத்துக்கு. தேசிய ஆவணக்காப்பகத்தின் பி2455 தொடரில் அந்தப் படைவீரர்களின் கோப்புகள் உள்ளன, இணையத்தில் இலவசம். முதலில் சேர்க்கைப் படிவம்: வயது, தொழில், உயரம், நெருங்கிய உறவினர். அடுத்து பி103 படிவம்: எந்தத் தேதியில் எந்தப் பிரிவு, எப்போது காயம், எந்த மருத்துவமனை.

வயதை நம்பாதீர்கள். 21-க்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், அதனால் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. மாற்றுப்பெயரில் சேர்ந்தவர்களும் உண்டு. உயரமோ வேறு கதை சொல்லும்: 1914-இல் குறைந்தது 5 அடி 6 அங்குலம் கேட்டார்கள், 1917-இல் 5 அடிக்கு இறங்கினார்கள். ஆள் பற்றாக்குறை இதைவிடத் தெளிவாகத் தெரியாது.

ஒரே ஆளின் பெயர் ஊர்க் கல், பள்ளிக்கூடம், தேவாலயம், ரயில் நிலையம் என்று நான்கு இடத்தில் இருக்கலாம். பெயர்களை எண்ணிக் கூட்டினால் கணக்கு தவறும்.

ஏப்ரல் 22

வெளிநாட்டுப் போர்க்களக் கல்லறைகளில் உள்ள கல்லில், குடும்பம் தன் சொந்த வாசகத்தைப் பொறிக்க 66 எழுத்து தந்தார்கள். இரண்டு சொல்லுக்கு நடுவே உள்ள இடைவெளியும் ஓர் எழுத்தாகக் கணக்கு. நியூசிலாந்து அதையும் அனுமதிக்கவில்லை. எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற முடிவு. அன்சாக் என்ற ஒரே பெயருக்குள் இருந்த இரு நாடுகள் துக்கத்தை இப்படி வேறுவேறாக அளந்தன.

ஏப்ரல் 23

கல் சொல்லாதது ஒன்று. 1909-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், பெருமளவு ஐரோப்பிய வம்சாவளி இல்லாதவர்களுக்குப் படைப்பணியிலிருந்து விலக்களித்தது. அந்த விலக்கே தடையாகிப் பூர்வகுடியினர் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். 1917 மே மாதம், பெற்றோரில் ஒருவர் ஐரோப்பியர் என்றால் சேரலாம் என்று தளர்த்தினார்கள். அதற்கு முன்பும் பின்பும் ஏறத்தாழ ஆயிரம் பேர் எப்படியோ சேர்ந்துவிட்டார்கள். அகரவரிசைப் பட்டியலில் அவர்கள் மற்றவர்களுக்குச் சமம். ஊர் திரும்பியபின் அந்தச் சமம் இல்லை: படைவீரர்களுக்குக் கொடுத்த குடியேற்ற நிலம் அவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. பூர்வகுடியினர் அனைவருக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வந்தது 1962-இல். இதைச் சொல்லாமல் அன்சாக் பெருமை பேசுவது அந்த ஆயிரம் பேருக்கு இரண்டாம் முறை செய்யும் அநீதி.

ஏப்ரல் 25

தலைநகர் கான்பெராவில் உள்ள போர் நினைவகத்தில், மாண்டவர்களின் பெயர் பொறித்த வெண்கலப் பலகைகளில் பதவி கிடையாது. தளபதியும் சிப்பாயும் வெறும் பெயர். வரிசை படைப்பிரிவுவாரியாக, குடும்பப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் நாள் முழுக்க நடக்க வேண்டியதுதான். பி103-இல் பிரிவைக் குறித்துக்கொண்டு, நினைவகத்தின் இணையப் பட்டியலில் பலகை எண்ணையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

1993 நவம்பர் 11 அன்று, பிரான்சிலிருந்து கொண்டுவந்த பெயர் தெரியாத ஒரு வீரரை அங்கே அடக்கம் செய்தார்கள். அஞ்சலிக்கு வரிசையில் நின்றவர்கள், மாண்டவர் நினைவாகக் கையில் வைத்திருந்த சிவப்பு பாப்பிப் பூவைப் பக்கத்துப் பலகையின் இடுக்கில், தெரிந்த பெயருக்கு அருகே செருகினார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இன்றும் கைக்கெட்டும் உயரம் வரை அந்தச் சுவர் சிவப்பாக இருக்கிறது.