மேண்டா லேகா: காட்டை ஊரே பாத்துக்கிற கிராமம்

சென்னையில இருந்து டெல்லி போற ரயில்ல பல்லார்ஷால இறங்கி, சந்திரபூர், கட்சிரோலின்னு பஸ் மாறி, அங்கிருந்து தானோரா ரோட்ல போனா மேண்டா லேகா வந்துடும். மகாராஷ்டிராவோட கிழக்குக் கோடி, கோண்டு பழங்குடி மக்களோட சின்ன ஊர். சுத்திப் பாக்கன்னு எதுவும் இல்ல, ஆனா நான் பல வருஷமா பாக்கணும்னு நெனச்ச ஊர் இது.

2006 வன உரிமைச் சட்டப்படி 2009லயே சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு சமூக உரிமை, அதாவது ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்தவும் பாத்துக்கவும் உள்ள உரிமை, வாங்குன ஊர், நாட்டுலயே முதல் ஊர்கள்ல ஒண்ணு. ஆனா உரிமைன்னு பேப்பர்ல வந்ததும் எல்லாம் மாறிடல, மூங்கிலை வெட்டலாம், வெளிய கொண்டு போய் விக்கணும்னா ட்ரான்சிட் பாஸ்னு ஒரு அனுமதிச் சீட்டு வேணும், அது கையில இல்லாம வாங்க வர்றவன் எப்படி லாரி ஏத்துவான்? 2011 ஏப்ரல்ல அப்ப மத்திய அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் இங்கயே வந்து அந்த பாஸ் புக்கை கிராம சபை கையில கொடுத்தாரு. என்னைக் கேட்டா சட்டத்தை விட பெரிய விஷயம் அந்த புக்குதான்.

ஏன்னா அதுக்கு முன்னாடி இதே மூங்கில் பேப்பர் மில்லுக்கு குத்தகைல போயிட்டு இருந்துச்சு. இப்ப எவ்வளவு வெட்டுறது, எந்தப் பக்கம் வெட்டாம விடுறது, யாருக்கு விக்கிறதுன்னு கிராம சபையே முடிவு பண்ணுது. வெட்டுற கூலியும் உள்ளூர் ஆளுங்களுக்கே, வித்த காசும் சபைக்கே. இலுப்பைப் பூ, பீடி இலை, தேன், விறகு எல்லாம் இதே காட்டுலதான். இதனால வெளியூர் போய் கூலி வேலை தேட வேண்டியதில்லன்னா அந்த வீட்டுப் பசங்க படிப்பு நடுவுல நிக்காது பாருங்க, காட்டால வர்ற லாபத்தைப் பேசுறவங்க இதையும் கணக்குல சேக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க முடிவெடுக்குற விதம். ஓட்டெடுப்பு கிடையாது. எல்லாரும் ஒத்துக்கிற வரைக்கும் பேசுவாங்க, ஒருத்தர் வேணாம்னாலும் திரும்ப உக்காந்து பேசணும், ஆம்பள பொம்பள எல்லாரும். "டெல்லியிலயும் மும்பையிலயும் எங்க சர்க்கார், எங்க ஊர்ல நாங்களே சர்க்கார்"னு எண்பதுகள்ல இருந்து சொல்லிட்டு வர்ற ஊராச்சே! நேரம் ஆகும்தான், ஆனா அப்படி எடுத்த முடிவை மீறி யாரும் திருட்டுத்தனமா மரம் வெட்ட மாட்டாங்க, வெட்டுனா தன் வாக்கையே மீறுன மாதிரி. காவலுக்கு தனியா ஆள் போட்டு வர்ற பாதுகாப்பு இல்ல இது.

போக நெனைக்கிறவங்க கிராம சபைக்கு முன்னாடியே தகவல் சொல்லிட்டுப் போங்க, காட்டுக்குள்ள தனியா நுழையாதீங்க, கோடைக்காலம்னா வெயில் ரொம்ப கடுமையா இருக்கும்.