தாய்ப்பத்திரம் கேட்காமல் வாங்கிய கணினி

அம்பாசமுத்திரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எனக்கு ஒரு சின்ன அறை. தொழில் ஆவண எழுத்தர். கிரயம், செட்டில்மெண்ட், பவர், பாகப்பிரிவினை என்று நாள் ஓடுகிறது. யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் "தாய்ப்பத்திரம் கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்பேன். விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று காட்டும் பழைய பத்திரம் அது. அடுத்து, "வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்றா?" சொத்தின்மேல் அடமானம், விற்பனை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது அது. 2025 ஆடி மாதத்தில் இந்த இரண்டையும் கேட்காமல் நானே ஒரு பொருளை வாங்கினேன். அதற்குப் பட்ட பாடுதான் இது.

ஆடியில் பத்திரப்பதிவு மந்தம். பழைய கணினி மூச்சை விட்டுவிட்டதால், சும்மா இருக்கிற நேரத்தில் வேறொன்று வாங்கிவிடலாம் என்று திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் போனேன். பெருநிறுவனங்கள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் கணினிகளை மொத்தமாக எடுத்து விற்கும் கடை. எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 சில்லு, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. திரை என்னிடமே இருந்ததால் பெட்டி மட்டும் 14,500 ரூபாய்.

"எல்லாம் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன் அண்ணாச்சி. வேர்டு, எக்செல், போட்டோஷாப், டாலி வரைக்கும் இருக்கிறது. நீங்கள் சுவிட்சைப் போட்டால் போதும்" என்றார் கடைக்காரர். ரசீதில் "பழைய சிபியு 1" என்று மட்டும் எழுதினார். அந்த 'எல்லாம்' ரசீதில் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. செங்கோட்டை ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காருக்குறிச்சி தாண்டும்போதே கால் மரத்துவிட்டது.

ஆடி முழுவதும் அது நன்றாகத்தான் ஓடியது. ஆவணி முதல் முகூர்த்த நாளில்தான் வினை. மும்பையிலிருந்து ஒரு குடும்பம் கிரயத்துக்காகவே வந்திருந்தது. பதிவு அலுவலக டோக்கன் பதினொன்றரைக்கு. காலை ஒன்பதே காலுக்கு வேர்டைத் திறந்தால் வரைவு தெரிகிறது, ஆனால் ஒரு எழுத்துக்கூட அடிக்க முடியவில்லை. உரிமம் செல்லாது, பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது என்ற பொருளில் மேலே ஒரு பட்டை. திரையின் வலது மூலையில் இத்தனை நாளும் நான் கவனிக்காத ஒரு பெயர். எனக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அயல்நாட்டுக் கல்லூரியின் மின்னஞ்சல் முகவரி அதோடு ஒட்டியிருந்தது.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். "சர்வர் பிரச்சினை அண்ணாச்சி, சாயங்காலம் வேறு ஐடி போட்டுத் தருகிறேன்" என்றார். என் டோக்கன் சாயங்காலம் வரை காத்திருக்குமா? பக்கத்து அறை ஆவண எழுத்தரின் கணினியில் உட்கார்ந்து, முந்தைய நாள் அச்சுப்படியைப் பார்த்து ஒன்பது பக்கத்தையும் மறுபடி அடித்தேன். சக்குபந்தியில், அதாவது சொத்தின் நான்கு எல்லை விவரத்தில், வடக்கும் தெற்கும் மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் மூன்று தடவை பார்த்துக்கொண்டேன்.

அன்று இரவு பெங்களூருவில் கணினி வேலை பார்க்கும் என் அக்காள் மகனைப் போனில் பிடித்தேன். "மாமா, முதலில் விண்டோஸ் யாருடையது என்று பார்ப்போம்" என்றான். ரன் பெட்டியில் ஆங்கிலத்தில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ என்று முடிக்கச் சொன்னான். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதில் 'வால்யூம், கேஎம்எஸ் கிளையண்ட்' என்று இருந்தது.

அவன் விளக்கியது என் மொழியில் இது. விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மூன்று வகை. கடையில் தனியாக விலை கொடுத்து வாங்கும் ரீடெயில் உரிமத்தைப் பழைய கணினியிலிருந்து எடுத்து வேறொன்றுக்குக் கொண்டு போகலாம். கணினி தயாரிப்பாளரே ஏற்றி அனுப்பும் ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடு பிறந்து அதோடு போவது. வால்யூம் உரிமம் நிறுவனத்துக்குக் கொடுப்பது. அதன்கீழ் கேஎம்எஸ் முறையில் ஓடும் கணினி, 180 நாளுக்குள் ஒரு தடவையாவது அந்த நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கணினியை விற்றால் இந்த உரிமம் கூட வராது. என் ஆவண எழுத்தர் உரிமத்தை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாதது போலத்தான்.

"சர்வர் முகவரி என்ன போட்டிருக்கிறது, படியுங்கள்" என்றான். படித்தேன். சிரித்துவிட்டான். நிறுவனத்தின் சர்வர் இருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பெட்டியின் சொந்த முகவரியே இருந்ததாம். உள்ளேயே ஒரு போலி சர்வரை உட்கார வைத்து, அது கேட்க, அதற்கு அதுவே "சரி" என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. எழுதிக் கொடுப்பவரும் எழுதி வாங்குபவரும் சாட்சியும் ஒரே ஆள்! விண்டோஸின் வைரஸ் காவலனான டிஃபெண்டர் அதைப் பிடித்துவிடக் கூடாது என்று அந்த ஃபோல்டரைச் சோதனையிலிருந்து விலக்கியும் வைத்திருந்தார்கள். பூட்டை உடைத்ததோடு நாயையும் கட்டிப்போட்ட கதை.

பிறகு விண்டோஸில் கட்டளை அடிக்கும் பவர்ஷெல்லில் ஒரு நீண்ட வரியை எழுத்தெழுத்தாகச் சொல்லி அடிக்க வைத்தான். 25 எழுத்துகளில் ஒரு சாவி வந்தது. இன்னொரு வரியில் 'புரொஃபஷனல் ஓஇஎம்' என்று பதில். விண்டோஸ் 7 காலத்தில் இந்தச் சாவி பெட்டியின் முதுகில் ஒட்டிய சீட்டில் இருக்கும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் தயாரிப்பாளர்கள் அதை மதர்போர்டிலேயே பதித்து அனுப்புகிறார்களாம். ஆக, என் பெட்டிக்குச் சொந்தமாக, செல்லுபடியான விண்டோஸ் 10 புரோ உரிமம் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. சொந்த மனை இருக்கும்போது புறம்போக்கில் குடிசை போட்டது போல, அதை விட்டுவிட்டுத் பெருநிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ் பதிப்பைத் திருட்டுத்தனமாக ஏற்றியிருக்கிறார் கடைக்காரர். ஏன் என்றால், ஒரே டிஸ்க்கை நகலெடுத்து எல்லாப் பெட்டிகளிலும் போட்டுவிட்டால் வேலை சுருக்கமாக முடிகிறதாம்.

இவ்வளவு கேட்ட பிறகு சட்டத்தைப் பார்க்காமல் தூக்கம் வருமா? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 63பி பிரிவு. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாளுக்குக் குறையாமல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ அல்லாமல் பயன்படுத்தியிருந்தால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். நான் தொழிலுக்குத்தான் பயன்படுத்துகிறேன். 'தெரிந்தே' என்ற சொல் நேற்று வரை எனக்குத் துணையாக இருந்தது. இன்று இரவோடு அதுவும் போயிற்று.

முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது என்று முடிவு செய்தோம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது, நேராக 11க்கே போய்விடுங்கள் என்றான். எட்டாம் தலைமுறை என்பதால் தப்பித்தேன். அதற்கு முந்தைய இன்டெல் சில்லுகளைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை மட்டும் இயக்க வேண்டியிருந்தது. 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிக்கொண்டேன்.

அழிப்பதற்கு முன் மருமகன் ஒன்று கேட்டான். "மாமா, வரைவுகளை எங்கே சேமித்தீர்கள்?" டாக்குமெண்ட்ஸில்தான் என்றேன். பாதையைப் படிக்கச் சொன்னான். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. வேர்டில் ஒட்டியிருந்த அந்தக் கல்லூரிக் கணக்கின் ஒன்டிரைவ், அதாவது இணையக் கிடங்கு. நான் அடித்த பல வரைவுகள் என் பெட்டியில் இல்லாமல், முகம் தெரியாத ஒருவர் பெயரிலுள்ள கிடங்கில் போய் உட்கார்ந்திருக்கின்றன. ஆதார் எண், பான் எண், சர்வே எண், கிரயத் தொகை, குடும்பத்தில் யாருக்கு யார் என்ன உறவு, எல்லாமே அதில் உண்டு. அந்தக் கல்லூரிக் கணக்கை முடக்கியவர்கள் அவற்றை அழித்தார்களா என்று இங்கிருந்து பார்க்க வழியில்லை. சமீபத்தில் திறந்தவை என்ற பட்டியலைப் பார்த்து ஒரு தாளில் பெயர்களை எழுதினேன். 41. அச்சுப்படிகள் கோப்பில் இருந்ததால் வேலை கெடவில்லை.

மறுநாள் மாலை, டிஸ்க்கிலிருந்த பழைய பகுதிகளையெல்லாம் நீக்கிவிட்டு விண்டோஸை ஏற்றினேன். சாவி கேட்கவே இல்லை. இணையத்தை இணைக்கும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. முந்தைய நிறுவனம் தன் பட்டியலிலிருந்து இந்தப் பெட்டியை விடுவிக்காமல் இருந்தால், 'இது இன்ன நிறுவனத்துடையது, அலுவலகக் கணக்கில் உள்ளே வா' என்று நிற்கும், அதற்கு மேல் சுலபமாக நகராது என்று மருமகன் பயமுறுத்தியிருந்தான். அப்படி எதுவும் வரவில்லை. சிறிது நேரத்தில் டிஜிட்டல் உரிமத்தோடு ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று காட்டியது. ஒரு பைசா செலவில்லை.

வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ். இது இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் முத்திரைத்தாளில் மேலே விடும் இடைவெளி முதலில் தாறுமாறாகிவிட்டது. வரிகள் ஏறி முத்திரைமேல் உட்கார்ந்தன. வெள்ளைத்தாளில் அடித்து அடித்து அளவைச் சரிசெய்ய இரண்டு நாள். போட்டோஷாப் இடத்துக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள். பாஸ்போர்ட் படம் வெட்ட அது போதும். டாலியை நான் ஒரு நாளும் திறந்ததில்லை.

கடைக்காரரை மட்டும் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அடுத்த அடி என் மேசை இழுப்பறையிலிருந்து கிடைத்தது. நான் வருடக்கணக்காக அடிக்கும் தட்டச்சு எழுத்துரு ஒரு சிடியில் வந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தால், ஒரு கணினிக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. நான் மூன்று கணினிக்கு அதைக் கொண்டு போயிருக்கிறேன், அச்சகம் வைத்திருக்கும் மைத்துனருக்கும் கொடுத்திருக்கிறேன். இந்தச் சாக்கில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறிவிட்டேன். இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு விசைமுறை இருப்பதால் விரல்களுக்குச் சங்கடமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை எத்தனை கணினியில் போட்டாலும் தடையில்லை.

அடுத்த வாரம் ஜங்ஷன் கடைக்குப் போனேன். ரசீதை நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன், பத்திரத்தில் சொத்து விவரம் எழுதுவது போலத் தபசிலோடு. பெட்டியின் சீரியல் எண், மதர்போர்டில் பதிந்த விண்டோஸ் பதிப்பு, ஓஇஎம் வகை, 'வேறு மென்பொருள் எதுவும் இந்த விற்பனையில் அடங்காது' என்று ஒரு வரி. அவர் இரண்டு தடவை படித்தார். "என்ன அண்ணாச்சி, பத்திரம் மாதிரி இருக்கிறதே" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். செல்லாமல் போன ஆபீஸ் ஐடிக்கு என்று 500 ரூபாயை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். பலர் சரி சரி என்று வைத்துவிட்டார்கள். இரண்டு பேர் கோபப்பட்டார்கள், நியாயம்தான். ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம் என்று தெரிந்தவரை எல்லோருக்கும் சொன்னேன். கல்லிடைக்குறிச்சி ஆச்சி ஒருவர், பேரனுக்குச் செட்டில்மெண்ட் எழுதியவர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் நான் மறுபடியும் வந்து கைரேகை வைக்க வேண்டுமா ஐயா?" என்றார்.

வேண்டாம் ஆச்சி என்றேன்.