மார்ச் 8, இரவு அரை மணி நேரம்

பண்பலை வானொலியில் வேலை பார்த்த நாட்களில் மார்ச் 8 என்றாலே எங்களுக்கு மகளிர் தினம்தான். காலையிலிருந்து பேட்டி, வாழ்த்து, பரிசு. 1974இல் நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜே.பி. சந்திரபாபு இறந்ததும் அதே தேதியில்தான். நிகழ்ச்சிப் பட்டியல் போடுகிற யாருக்கும் அது நினைவிருக்காது. ஒரு வருஷம் நச்சரித்து, இரவில் அரை மணி நேரம் வாங்கினேன்.

வாங்கியாச்சு, எழுத வேண்டுமே. சோகக் கதை தானாக வந்து விழுந்தது. தூத்துக்குடிக்காரர். வாய்ப்புக்கு அலைந்து நொந்து 1952இல் உயிரை விடத் துணிந்தவர். நிலைக்காத திருமணம், எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கி நின்றுபோன ‘மாடி வீட்டு ஏழை’, கடன், குடி, 46 வயதில் மரணம். நடுநடுவே ஐந்து பாட்டு. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. சரி, நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஒலிப்பதிவாளர் அண்ணன் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரி, பாட்டைப் பத்தி எப்பப்பா பேசுவே?”

அப்புறம் ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டார். சந்திரபாபு பாட்டில் வருகிற யோடலிங்கில் குரல் நெஞ்சிலிருந்து சட்டென்று மெல்லிய குரலுக்குத் தாவ வேண்டும். தாவுகிற இடத்தில் சுருதி நழுவுவது மிகச் சுலபம். அந்த ஒரு நொடியை மட்டும் நாலைந்து தடவை ஓட்டிக் கேட்டோம். நழுவவே இல்லை. அடுத்து ‘நான் ஒரு முட்டாளுங்க’. மெட்ராஸ் பாஷையில் ஏதோ போகிறபோக்கில் புலம்புவது மாதிரி இருக்கும். விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்டால் ஒவ்வொரு சொல்லும் தாளத்தில் வந்து உட்காரும். சிறுவயதிலிருந்து கேட்ட பாட்டு, அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. இந்த மனிதரைக் குடிகாரர் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அன்று மதியம் முழுக்கத் திருத்தினேன். கடனும் குடியும் இரண்டு வரிக்குச் சுருங்கின. மறைக்கவில்லை, மறைத்தால் அதுவும் பொய்தான். கடைசி ஆசைப்படி அவர் உடலை எம்.எஸ். விஸ்வநாதன் வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்து, பிறகு அடக்கம் செய்தார்கள் என்ற வரியை மட்டும் அண்ணன் தொடவிடவில்லை.

“இதை வாசிச்சதும் நேரா பாட்டுக்குப் போயிடு. நடுவுல நீ ஒண்ணும் பேசாதே.”

மைக்கை மூடிவிட்டு, அவர் கைகாட்டக் காத்திருந்தேன்.