சொந்த விதி ஏன்?
மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் தடி விதிப் புத்தகங்களை ஓரங்கட்டிவிட்டுச் சிலர் தாங்களே விதி எழுதிக்கொள்வது வெறும் வீம்பு இல்லை. அதில் ஒரு செயல் பலிக்குமா என்று பார்க்க எப்போதும் இருபது முகப் பகடை; 1 விழவும் 20 விழவும் அதே 5 சதவீத வாய்ப்பு. கைதேர்ந்த வீரனும் சும்மா சும்மா சொதப்புவான். இரண்டு சாதாரணப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் 7 வர ஆறில் ஒரு வாய்ப்பு, 2 வர 36-ல் ஒன்றுதான். எனக்கு இதுதான் பிடிக்கும்.

அப்புறம் அந்த உயிர்ப்புள்ளி, அதாவது பாத்திரம் சாகும்முன் எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு! லெவல் ஏற ஏற அதுவும் ஏறி, கழுத்தில் கத்தி வைத்தாலும் ஆள் சிரிக்கிறான். வேடிக்கை என்னவென்றால், அதுவே இப்படி ஒருவர் சொந்தமாகச் செய்த வீட்டுச் சரக்குதான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில், இந்த விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னெசனோடு ஆடியவர்களுக்கு ஒரே அடியில் சாவது பிடிக்கவில்லை. கடற்போர் விளையாட்டில் கப்பல் தாங்கும் அடிக்கணக்கை எடுத்து அவர் மனிதனுக்குப் பொருத்தினார். 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது அதுவும் விதியாக அச்சேறிவிட்டது.