நெபியோலோ இன்னும் பழுக்கவில்லை

செப்டம்பர் 13

டொல்செட்டோத் திராட்சை வெட்டி முடிந்தது. விரல் இடுக்கெல்லாம் ஊதா நிறம், சோப்புக்கு அசைவதாயில்லை. மாலையில் தோட்டத்துக்காரப் பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். எத்தனை பெட்டி, சாறு எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. "நெபியோலோ விதை என்ன நிறம்?" என்றார். பச்சை என்றேன். "அப்போ தொடாதே." வைத்துவிட்டார்.

செப்டம்பர் 14

மழை இல்லை.

செப்டம்பர் 16

இந்தத் திராட்சை ஏன் இப்படி ஆளை வதைக்கிறது என்று யோசித்துக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தேன். வட இத்தாலியின் இந்த லாங்கே குன்றுகளில் நெபியோலோதான் வசந்தத்தில் முதலில் துளிர் விடுகிறது, பழுப்பதில் கடைசி. ஏப்ரல் பனியும் அதன் தலையில்தான், அக்டோபர் மழையும் அதன் தலையில்தான். டொல்செட்டோவும் பார்பெராவும் தொட்டியில் கொதித்துக்கொண்டிருக்கும்போது இது மட்டும் கொடியில் தொங்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கவைக்கும். தெற்கு பார்த்த சரிவு இல்லையென்றால் பழுக்கவே பழுக்காது. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் குளிர்காலத்தில் எங்கே பனி முதலில் உருகுகிறதோ அங்கே இதை நட்டார்கள்.

நமக்கு இரண்டு தோட்டம். லா மோர்ராவில் ஒன்று, செர்ராலுங்காவில் ஒன்று. லா மோர்ராப் பக்கம் நீலச்சாம்பல் நிறக் களிமண். அதில் வரும் பரோலோ, நெபியோலோவில் செய்யும் ஒயின், சீக்கிரம் மணம் விடும், சீக்கிரம் இளகும். செர்ராலுங்கா மண் அதைவிடப் பழையது, வெளிர் நிறம், சுண்ணாம்பு அதிகம். அந்த ஒயினின் துவர்ப்பு அடங்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரியவர் இரண்டையும் கலந்து ஒரே ஒயினாகத்தான் போடுவார். டூரினில் இருக்கும் மகனுக்கு அது பிடிக்கவில்லை. 2010-லிருந்து பரோலோப் பகுதியின் குன்றுகளுக்கெல்லாம் எல்லை போட்டுப் பெயர் பதிந்தாகிவிட்டது, ஊர்ப்பெயர் 11-ஐயும் சேர்த்து 181 பெயர்கள். தோட்டத்தின் பெயரை லேபிளில் போட்டால் விலை ஏறும். ஏறும்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய ஒயின்காரர் பார்த்தோலோ மஸ்கரெல்லோ கடைசிவரை நான்கு தோட்டத்துப் பழத்தைக் கலந்து ஒரே பரோலோதான் செய்தார். அதில் பேர்போன கன்னூபித் தோட்டமும் உண்டு. அந்தப் பெயரை மட்டும் போட்டாலே போதும், பாட்டில் பறந்திருக்கும். ஒரு தோட்டத்தின் குறையை இன்னொன்று நிரப்பும் என்பது பழைய ஆட்களின் கணக்கு. நான் அந்தக் கட்சி.

செப்டம்பர் 19

இன்று போன் இல்லை.

செப்டம்பர் 21

ராத்திரி தூக்கம் வரவில்லை. புரூனோ ஜாகோசாவின் நினைப்பாகவே இருந்தது.

நெய்வே ஊர் ஒயின்காரர். பரோலோ, அதே நெபியோலோவில் பக்கத்துக் குன்றுகளில் செய்யும் பார்பரெஸ்கோ இரண்டிலும் அவருக்கு இணை சொல்ல ஆளில்லை என்பார்கள். வெகுகாலம் சொந்தத் தோட்டம் கிடையாது. எந்தச் சரிவில் யாருடைய பழம் நல்லது என்று தெரிந்து வாங்கிச் செய்தவர். செர்ராலுங்காவின் ஃபல்லெத்தோவை வாங்கியதே 1982-ல்தான். மிகச் சிறந்த வருடங்களில் மட்டும் சிவப்பு லேபிள். 2006-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அது நல்ல வருடம், மற்றவர்கள் எல்லாம் புகழ்ந்து விற்ற வருடம். ஆனால் 2006-ன் பரோலோவையும் பார்பரெஸ்கோவையும் அவர் வீடு பாட்டிலில் அடைக்கவே இல்லை.

நான் அந்த ஒயினைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தான் கூட நிற்காத ஒயினில் தன் பெயர் வேண்டாம் என்று அவர் நினைத்திருந்தால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது, சரி. ஆனால் அந்த வருடம் முழுக்கக் கொடி கட்டியவர்கள், களை எடுத்தவர்கள், வெட்டியவர்கள் இருந்தார்களே?

பெரியவரின் மகளிடம் இதை எடுக்கவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

செப்டம்பர் 24

பகல் மூன்று மணிக்கு மேற்கே வானம் கன்றிப்போனது, அடிபட்ட இடம் மாதிரி பச்சையும் கறுப்புமாக. மகள் வாசலில் நின்றாள், நான் கொட்டகையில். யாரும் பேசவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிழவி மட்டும் 1986, 1986 என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த வருடம் மே கடைசியில் பெய்த ஆலங்கட்டி மழை பரோலோவின் பல சரிவுகளை மொட்டையடித்துவிட்டது. அதே வருடம்தான் மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து இத்தாலியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கலப்படம் நடந்தது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில். உலகம் இத்தாலிய ஒயின் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட வருடம் அது. கிழவி அதை வானத்தின் வருடமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறாள்.

கல் விழவில்லை. தானரோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாம். அங்கேயும் திராட்சைதான் இருக்கிறது. நிம்மதிப்படக் கூச்சமாக இருந்தது. பட்டேன்.

செப்டம்பர் 26

விதை: பச்சை. நுனியில் லேசாகப் பழுப்பு.

செப்டம்பர் 27

பார்பெரா வெட்டு. வெளியாட்கள் வந்தார்கள். மாசிடோனியாக்காரர்கள் வருடா வருடம் வருகிறவர்கள், கத்தரிக்கோலைச் சொந்தமாகக் கொண்டுவருவார்கள். ஆளனுப்பும் ஒரு சங்கம் மூலமாக ஆப்பிரிக்கப் பையன்கள் சிலர் வந்தார்கள். ஒருவனிடம் மணிக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். அவன் சொன்ன தொகையும் மகள் அந்தச் சங்கத்துக்குக் கட்டிய தொகையும் பொருந்தவே இல்லை. மகளிடம் சொன்னேன். அவள் முகம் சிவந்துபோய் அங்கேயே போனை எடுத்துக் கத்தினாள். அடுத்த வருடம் நேரடியாக எழுதிக்கொள்ளலாம் என்றாள். அடுத்த வருடம்தானா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. இந்தக் குன்றுகளை 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வரிசைகளின் அழகைப் படம் எடுக்க பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். வெட்டுகிறவன் ராத்திரி எங்கே படுக்கிறான் என்று யாராவது ஒருவர் கேட்டால் தேவலை.

செப்டம்பர் 28

ஞாயிறு. மகள் வண்டி எடுத்தாள், பார்பரெஸ்கோ போனோம். காரணம் சொல்லவில்லை. கோபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டுறவுக் கிடங்கின் கடை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு கிளாஸ் வாங்கிக்கொண்டு நின்றோம்.

ஆல்பா ஒயின் பள்ளியின் தலைவராக இருந்த தொமித்ஸியோ கவாத்ஸா 1894-ல் இங்கே விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவு தொடங்கினார். அதுவரை பார்பரெஸ்கோத் திராட்சை பரோலோவுக்குள் கரைந்துபோய்க்கொண்டிருந்தது. பாசிஸ்டுகள் காலத்தில் அது மூடிப்போனது. அப்புறம் 1958-ல் ஊர்ப் பாதிரியார் தொன் ஃபியோரினோ மரெங்கோ 19 குடும்பங்களைச் சேர்த்து மறுபடி தொடங்கினார். கையில் காசு கிடையாது. முதல் சில வருட ஒயினைக் கோயில் நிலவறையில்தான் செய்தார்கள். ஊர் காலியாகிக்கொண்டிருந்த காலம், இளசுகள் எல்லாம் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அசீலி, ரபயா, மோன்தெஸ்தெஃபானோ என்று ஒன்பது தோட்டங்களின் பெயரில் தனித்தனியாக ரிசெர்வா, அதிக நாள் வைத்திருந்து விடும் ஒயின், போடுகிறார்கள். ஆனால் எல்லா வருடமும் இல்லை. வருடம் சரியில்லையென்றால் ஒன்பதையும் கலந்து சாதாரண பார்பரெஸ்கோவாக விடுவார்கள். நல்ல பழத்தை ஒளித்துவைக்காத ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மகள் சொன்னாள்: அண்ணன் செர்ராலுங்காத் தோட்டத்துக்கு ஒரு வெளிநாட்டு ஆளைப் பிடித்திருக்கிறானாம். இங்கே பரோலோ நிலம் ஹெக்டேர் 10 லட்சம் யூரோவைத் தாண்டிப் பல காலம் ஆகிறது. காஸ்தில்யோனே ஃபல்லெத்தோ ஊரின் வியெத்தி ஒயின் வீட்டையே 2016-ல் அமெரிக்கக் குடும்பம் ஒன்று வாங்கிவிட்டது. நாமெல்லாம் எம்மாத்திரம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆல்பாவைத் தாண்டும்போது சாக்லேட் ஆலையின் வாசம் வண்டிக்குள் வந்தது, வறுத்த ஹேசல்நட் வாசம். கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

செப்டம்பர் 30

காய்ச்சல். படுத்துக்கொண்டே எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "கஷாயம் வச்சுக் குடிடா, அந்தச் சாராயத்தைத் தொடாதே" என்றாள். பக்கத்துக் கிழவி கொண்டுவந்து கொடுத்ததோ பரோலோ கினாத்தோ. பரோலோவில் சின்கோனாப் பட்டையும் வேறு மூலிகைகளும் ஊறவைத்துச் சர்க்கரை சேர்த்தது. செர்ராலுங்காவின் மருந்துக் கடைக்காரர் ஜுசெப்பே கப்பெல்லானோ 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கியது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். காய்ச்சலுக்கும் அஜீரணத்துக்கும் வீட்டில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும்.

ஒரு வாய் குடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முதலில் இனிப்பு, பின்னால் அந்தக் கசப்பு. தாத்தா வால்பாறைக்கு மேலே சின்கோனா எஸ்டேட்டில் பட்டை உரித்தவர். ஊர் பெயரே சின்கோனாதான். நீலகிரியில் 1860-களிலேயே வெள்ளைக்காரன் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் இந்த மரத்தை நட்டுவிட்டான், மலேரியாவுக்கு கொயினா வேண்டுமென்று. தாத்தா கையின் கசப்பு சோற்றிலும் இருக்கும் என்று பாட்டி சொல்வாள். அம்மாவிடம் மறுபடி போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "சரி, அதுன்னா குடி" என்றாள்.

அக்டோபர் 2

காய்ச்சல் விட்டது. மழை, நாள் முழுக்க. குலைகளில் அழுகல் இருக்கிறதா என்று நாளை பார்க்கணும்.

அக்டோபர் 3

அழுகல் இல்லை. காற்று அடித்துக் காயவைத்துவிட்டது. மூச்சு வந்தது.

மகன் வந்திருந்தான். நிலவறையில் அண்ணன் தங்கை சண்டை. தோட்டத்தை விற்பதில் தொடங்கிப் பீப்பாயில் போய் நின்றது. பெரியவருடையது எல்லாமே பெரிய ஸ்லாவோனிய ஓக் பீப்பாய்கள். உள்ளே ஆள் இறங்கித் தேய்த்துக் கழுவலாம், அவ்வளவு பெரியவை. மகனுக்கு 225 லிட்டர் பிரெஞ்சுப் பாரிக், சின்னப் பீப்பாய், வேண்டும்.

இந்தச் சண்டைக்கு வயது நாற்பதுக்கு மேல். லா மோர்ராவின் ஏலியோ அல்தாரே பர்கண்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1983-ல் மரம் அறுக்கும் இயந்திரத்தால் அப்பாவின் பீப்பாய்களை அறுத்துப் போட்டார். அப்பா அவருக்குச் சொத்து இல்லை என்று எழுதிவைத்துவிட்டுச் சமாதானமாகாமலே செத்துப்போனார். எதிர்ப்பக்கம் பார்த்தோலோ மஸ்கரெல்லோ, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தன் கையால் லேபிள் வரைவார். பாரிக்கும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று ஒரு லேபிளில் எழுதினார்.

எனக்கு நெபியோலோவில் வனிலா மணம் வந்தால் துக்கமாக இருக்கும். ரோஜா, தார், காய்ந்த இலை, இதெல்லாம் அதன் சொந்த மணம். புது மரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் ஒன்று சொல்லணும்: கோடையில் பாதிக் குலைகளை வெட்டிக் கீழே போட்டு மீதியை நன்றாகப் பழுக்கவிடுவதை ஊருக்குப் பழக்கியது அந்த இளவட்டம்தான். பெரியவர்கூட இப்போது வெட்டுகிறார். முதல் வருடம் வெட்டியபோது பக்கத்து வீட்டுக் கிழவி சிலுவை போட்டுக்கொண்டாளாம்.

மகன் சாப்பிடாமல் கிளம்பிப் போனான்.

அக்டோபர் 6

விதை பாதிப் பழுப்பு.

அக்டோபர் 8

வெர்துனோ மேட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். செர்ராலுங்காவில் ஒரு குலை, லா மோர்ராவில் ஒரு குலை, தாளில் சுற்றி எடுத்துப்போனேன். பெரியவர் இளைத்திருக்கிறார். காலர் எலும்புக்கு மேலே குழி. குலையை வாங்கி முதலில் வெளிச்சத்தில் பிடித்தார். தோல்மேல் இருந்த சாம்பல் பூச்சைக் கட்டைவிரலால் ஒரு கோடு தேய்த்தார். அப்புறம் ஒரு பழத்தை வாயில் போட்டு, சதையை விழுங்கி, தோலை முன்பல்லால் வெகுநேரம் மென்றார். விதையை உள்ளங்கையில் துப்பி விரலால் புரட்டிப் பார்த்து, கடைவாயில் வைத்துக் கடித்தார். சத்தம் எனக்கே கேட்டது.

"நாளைக்கு லா மோர்ரா. சனிக்கிழமை செர்ராலுங்கா."

மகள், "இல்லப்பா. இன்னும் நாலு நாள்" என்றாள்.

மழை வரும் என்றார். வரட்டும் என்றாள். தோலின் துவர்ப்பு இன்னும் பச்சையாக இருக்கிறது, நாக்கின் ஓரத்தில் பிடிக்கிறது, நீங்கள் சாப்பிடும் மாத்திரையில் உங்களுக்கு அது தெரியவில்லை என்றாள். அறையில் இருந்த நர்ஸ் வெளியே போய்விட்டாள். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் சொன்னது சரி. எனக்கும் பிடித்தது, அதே ஓரத்தில்.

அக்டோபர் 9

வானம் சுத்தம். போன் இல்லை.

அக்டோபர் 10

மூட்டம். மலை தெரியவில்லை. 2002-ஐப் பற்றிக் கிழவி ஆரம்பித்தாள்: கோடை முழுக்க மழை, செப்டம்பரில் ஆலங்கட்டி, பலர் பரோலோவே போடவில்லை. அந்த வருடத்தில்தான் ஜாகோமோ கொன்தேர்னோ வீடு மோன்ஃபோர்த்தினோ போட்டது. எல்லோரும் கைவிட்ட வருடத்தில் தங்கள் ஒயின்களிலேயே உயர்ந்ததைப் போட்டார்கள். கிழவி அதை எங்களுக்குத் தைரியமாகச் சொன்னாளா, எச்சரிக்கையாகச் சொன்னாளா தெரியவில்லை.

அக்டோபர் 11

தூறல். ராத்திரி ரெண்டு முறை எழுந்து போய் நின்றேன். ரெண்டு முறையும் மகள் எனக்கு முன்னால் அங்கே இருந்தாள்.

அக்டோபர் 13

லா மோர்ரா வெட்டு. தண்டில்லாத பழம் தொட்டியில் விழும் சத்தம். வேறொன்றும் எழுதத் தெம்பில்லை.

அக்டோபர் 16

செர்ராலுங்கா. காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, நாங்கள் அதற்கு மேலே. விதை காப்பிக்கொட்டை நிறம். தோல் துவர்ந்தது, ஆனால் நாக்கின் ஓரத்தில் பிடிக்கவில்லை. அந்த நாலு நாள் செய்த வேலை. மகன் போன் செய்து வெளிநாட்டு ஆள் செவ்வாய்க்கிழமை தோட்டம் பார்க்க வருவதாகச் சொன்னான். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, "வரட்டும், கத்தரிக்கோல் ஒன்று கூடுதலாக இருக்கிறது" என்றாள்.

அக்டோபர் 22

வரவில்லை.

அக்டோபர் 25

கொதிப்பு அடங்கியது. இன்று தொட்டிக்குள் பலகை வைத்தோம். தோல்கள் மேலே மிதந்து திரண்டு நிற்கும். அதன்மேல் பலகைகளைக் குறுக்கே செருகி ஒயினுக்குள் முக்கிவிட வேண்டும், ஒரு மாதமோ அதற்கு மேலோ அப்படியே ஊறும். பழைய முறை. யாரும் அவசரப்படுத்தாமல் தோல் தன்னிடம் உள்ளதைக் கொடுக்கும். பலகைகளில் பெரியவர் கையால் போட்ட எண்கள் இருந்தன, ஆனால் வரிசை எப்படி என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. 4-ஐ எங்கே செருகுவது என்று தெரியாமல் மகள் போன் போட்டாள். எட்டாம் தேதிக்கு அப்புறம் இன்றுதான் ரெண்டு பேரும் பேசுகிறார்கள். 4, 1, 3, 2, அப்புறம் சின்னது. அவ்வளவுதான் பேச்சு.

இப்போது பிறந்த இந்தப் பரோலோ 38 மாதம் கழித்துத்தான் விற்பனைக்குப் போகலாம், அதில் 18 மாதம் மரத்தில். சட்டம் அது. பெரியவருக்கு அடுத்த மாதம் 84.

அக்டோபர் 27

ருசி பார்க்கச் சின்ன பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். டாக்டர் கூடாது என்றிருக்கிறார். மகள் ரெண்டு தோட்டத்திலிருந்தும் தனித்தனியாக எடுத்தாள், மூன்றாவதாகக் கலந்து ஒன்று. லேபிள் ஒட்டவில்லை. வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறாள், நானும் போகிறேன்.