இன்ஸ்ட்ருமென்ட் இன்டர்வியூ போறீங்களா, ஃபால்ட் கரண்ட்டைப் படிச்சிட்டுப் போங்க

டிப்ளமோ முடிச்சதும் ஒரு பிளான்ட்ல டெக்னீஷியன் இன்டர்வியூ போயிருந்தேன். ரிட்டன் டெஸ்ட் ஒண்ணும் பெருசா இல்ல. ஃப்ளோ மீட்டர்ல இருக்குற டிரான்ஸ்மிட்டர் ரீடிங்கை லூப்ல, அதாவது வயர் சர்க்யூட்ல, கரண்ட்டா அனுப்பும், ஃப்ளோ இல்லன்னா 4 மில்லிஆம்ப், ஃபுல்லா இருந்தா 20. 0-100 ரேஞ்சுக்கு 12 மில்லிஆம்ப் வந்தா ஃப்ளோ எவ்ளோன்னு கேப்பாங்க, 50. (பிரஷர் வித்தியாசத்தை வச்சு ஃப்ளோ அளக்குற டிபி டிரான்ஸ்மிட்டர்ல ஸ்கொயர் ரூட் போடாம விட்டிருந்தா அதே 12க்கு நிஜ ஃப்ளோ 70.7, இதைப் பாத்து வச்சுக்கோங்க.)

நான் மாட்டுனது பிராக்டிகல்ல. டேபிள் மேல ஒரு வோர்ட்டெக்ஸ் மீட்டர் (ஒரு வகை ஃப்ளோ மீட்டர்), இன்டர்வியூ எடுத்தவரு அதோட சென்சார் வயரை உருவிட்டு "இப்ப லூப்ல எவ்ளோ கரண்ட் இருக்கும்?"னு கேட்டாரு. நான் யோசிக்காம 0ன்னுட்டேன். "0ன்னா லூப்பே கட்டு தம்பி. டிரான்ஸ்மிட்டர் உயிரோட இருந்துக்கிட்டே எனக்கு முடியலன்னு சொல்லணும்ல, அது எவ்ளோ?"ன்னாரு. முழிச்சேன்.

விஷயம் இதுதான். நாமுர்ங்கிற இண்டஸ்ட்ரி அமைப்போட என்இ 43ன்னு ஒரு பரிந்துரை இருக்கு, அதுல 3.8ல இருந்து 20.5 மில்லிஆம்ப் வரைக்கும் அளவீடு, 3.6க்கு கீழயோ 21க்கு மேலயோ போனா ஃபால்ட், அதாவது மீட்டர்ல கோளாறு, அந்த கரண்ட்டுதான் ஃபால்ட் கரண்ட். 4ஐ ஃபால்ட்டுக்கு வைக்க முடியாது, ஃப்ளோ இல்லன்னாலும் 4தானே வரும்.

அடுத்து ஃபால்ட் கரண்ட்டை 3.6க்கு கீழ வைக்கணுமா 21க்கு மேல வைக்கணுமான்னு கேப்பாங்க, இங்க மனப்பாடம் உதவாது. பர்னருக்குப் போற கேஸ் லைன்னு வைங்க, ஃபால்ட்ல கரண்ட் கீழ விழுந்தா கன்ட்ரோலர் கேஸ் கம்மியா இருக்குன்னு நெனச்சு வால்வை முழுசா தொறந்துரும், டிசிஎஸ்ல (பிளான்ட்டை ஓட்டுற கன்ட்ரோல் சிஸ்டம்) அதை பேட் சிக்னல்னு புரிஞ்சுக்க செட் பண்ணலைன்னா அவ்ளோதான். கூலிங் வாட்டருக்கு அப்படியே தலைகீழ், மேல வச்சா வால்வை மூடிரும். கடைசி ரீடிங்கையே பிடிச்சு வைக்கிற ஆப்ஷனும் சில மீட்டர்ல இருக்கும், எனக்கு அது சுத்தமா பிடிக்காது, ஃபால்ட் ஆனதே ஆபரேட்டருக்குத் தெரியாது.

இன்னொண்ணு, புக்ல சட்டுனு கண்ணுல படாது. 24 வோல்ட் சப்ளை, லூப்ல 600 ஓம், டூ வயர் டிரான்ஸ்மிட்டருக்கு (பவரையும் அதே லூப்ல இருந்து எடுக்குறது) குறைஞ்சது 12 வோல்ட் வேணும்னா 20 மில்லிஆம்ப்ல கரெக்ட்டா 12 மிஞ்சும், ஓடும். ஆனா 22.5ல ஃபால்ட் வச்சா லூப்ல இருக்குற 600 ஓம்லயே 13.5 வோல்ட் போயிரும், மிச்சம் 10.5தான், அதாவது நல்லா ஓடிட்டிருந்த மீட்டர் ஃபால்ட்டைச் சொல்ல வேண்டிய நேரத்துல சொல்ல முடியாம போயிரும். இதை நீங்களா எடுத்துச் சொன்னீங்கன்னா பேனல்ல நிமிந்து உக்காருவாங்க.

செட் பண்ணிக் காட்டச் சொன்னா உடனே ஹார்ட் கம்யூனிகேட்டரை (மீட்டர் செட்டிங்கை மாத்துற கைக்கருவி) தூக்காதீங்க. லூப்பை மேனுவல்ல போடச் சொல்லி, அந்த ரீடிங்கை வச்சு பிளான்ட்டைத் தானா நிறுத்துற ட்ரிப் இருந்தா அதோட பைபாஸுக்கு பர்மிட் வாங்கணும்னு முதல்ல வாயால சொல்லுங்க. அப்புறம் லூப் டெஸ்ட்ல 3.5ம் 22ம் ஃபோர்ஸ் பண்ணி டிசிஎஸ்ல ஃபால்ட்டுன்னு காட்டுதான்னு பாக்கணும், ஆனா அது வயரையும் டிசிஎஸ்ஸையும் மட்டும்தான் செக் பண்ணும், அதனால சென்சார் வயரையும் ஒரு தடவை உருவிப் பாருங்க. மேக் மீட்டர் (மேக்னடிக் ஃப்ளோ மீட்டர்) குடுத்தாங்கன்னா எம்ப்டி பைப் டிடெக்‌ஷன் ஆன்ல இருக்கான்னும் பாத்துருங்க, காலி பைப்புல அது இஷ்டத்துக்கு ரீடிங் காட்டும்.