220 டாலர் கேபிளும் ஒன்றரை ஸ்கொயர் ஒயரும்: ரங்கூனில் செய்து பார்த்தது

ஜூன் மாதம் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு ஸ்பீக்கர் கேபிள் கொண்டுவந்தார், விலை 220 சிங்கப்பூர் டாலர். என் பழைய ஒயரைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, நான் அடிக்கடி கேட்கும் ஒரு நாகஸ்வரப் பதிவைப் போட்டோம். உண்மையிலேயே வித்தியாசம் தெரிந்தது. இத்தனை நாளாக இடது பக்கம் ஒதுங்கியே கேட்ட தவில் நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. "பார்த்தீங்களா மச்சான், காசுக்கு ஏத்த சத்தம்" என்றார். என்னால் மறுக்க முடியவில்லை, ஆனால் காரணம் தெரியாமல் விடவும் மனசு வரவில்லை.

கழற்றிய பழைய ஒயரை அடுத்த நாள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளே செம்பு முழங்கை நீளத்துக்குப் பச்சையாகிக் கிடந்தது. வலது பக்க நுனியை விரலால் உருட்டினால் களிம்பு பொடியாக உதிர்ந்தது, நாலைந்து இழை கையோடு ஒடிந்தே வந்துவிட்டது. மே முதல் அக்டோபர் வரை இங்கே கொட்டுகிற மழைக்கும் வீட்டுக்குள் நிற்கிற ஈரத்துக்கும் செம்பு என்ன செய்யும், பாவம்.

அதனால் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஸ்பீக்கர் ஒயரின் தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், சாதாரண மல்ட்டிமீட்டரில் அதை நேராக அளந்தால் மீட்டர் ஒயரின் தடையும் சேர்ந்து எண் குழம்பிவிடும். அதற்குப் பதிலாக 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் முனையில் 2.83 வோல்ட் வைத்துக்கொண்டு, அது ஸ்பீக்கர் முனையில் எவ்வளவாக வந்து சேர்கிறது என்று பார்த்தேன். பழைய ஒயரின் வலது பக்கத்தில் 2.61, அதுவும் நுனியை அசைத்தால் ஏறி இறங்கியது. மச்சானின் கேபிளில் 2.81. அப்புறம் தெருமுனை எலெக்ட்ரிக் கடையில் ஒன்றரை ஸ்கொயர் (குறுக்குவெட்டு 1.5 சதுர மில்லிமீட்டர்) இரட்டைச் செம்பு ஒயர் எட்டு மீட்டர் வாங்கி, பக்கத்துக்கு நாலு மீட்டராக வெட்டி, நுனியைப் புதிதாகச் சீவி, இறுக்கி முறுக்கி மாட்டினேன். 2.80 வந்தது.

2.61 என்றால் ஒரு பக்கம் மட்டும் முக்கால் டெசிபல் அளவுக்குக் குறைந்திருக்கிறது. தவில் இடது பக்கம் ஒதுங்கியது அதனால்தான். மச்சான் காதில் கேட்டது பொய்யில்லை, ஆனால் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது சுத்தமான செம்பு நுனி, 220 டாலர் இல்லை. 2.80க்கும் 2.81க்கும் இருக்கும் வித்தியாசம் 0.03 டெசிபல், அது எந்த மனிதக் காதுக்கும் எட்டாது.

அதையும் காதால் சோதித்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை உட்கார வைத்தோம். ஸ்பீக்கருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு போர்வை, 16 முறை சீட்டு எடுத்து எந்த ஒயர் வருகிறதோ அதை அவள் மாட்டினாள். நடுவில் கரண்ட் போய், தெருப் பிள்ளைகள் "மீ லா பீ" (பர்மிய மொழியில் 'கரண்ட் வந்தாச்சு') என்று கத்தியதும் மறுபடி தொடங்கினோம். நான் 9 சரி, மச்சான் 7. வெறும் ஊகத்திலேயே 8 வரும், 12 வந்திருந்தால்தான் ஏதோ கேட்கிறது என்று யோசிக்கவே தொடங்கலாம். 2007இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மாயாஜாலக் கலைஞர், 7,250 அமெரிக்க டாலர் விலையுள்ள 'பேர் அஞ்சூ' என்ற கேபிளை 'மான்ஸ்டர்' என்ற இன்னொரு கம்பெனியின் கேபிளிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார், கடைசிவரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

வெள்ளி, ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று சொல்லி விலையை ஏற்றுவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வெள்ளி செம்பைவிட சுமார் ஆறு சதவீதம் நன்றாகக் கடத்தும், ஆக்சிஜன் இல்லாத செம்புக்கும் சாதா செம்புக்கும் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் வித்தியாசம், ஒயரைக் கொஞ்சம் தடிமனாக எடுத்தாலே இரண்டும் ஈடாகிவிடும். கேபிளின் மொத்தத் தடை ஸ்பீக்கர் ஓமில் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு. என் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம் வரை போகலாம், ஒன்றரை ஸ்கொயரில் நாலு மீட்டருக்குப் போக வரச் சேர்த்து 0.1கூட வரவில்லை.

இன்னொரு தொல்லை ஆம்ப்ளிஃபயரில் லேப்டாப்பை இணைத்தால் வரும் 'ம்ம்ம்' இரைச்சல். அதற்கும் மச்சான் விலை கூடின ஒயர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார், அசையவில்லை. சார்ஜரைப் பிடுங்கினால் உடனே நின்றது. எங்கள் கட்டடம் பழையது, பிளக்கில் எர்த்தே கிடையாது, சார்ஜர் வழியாக வரும் கசிவு சிக்னல் ஒயரின் கிரவுண்ட் கம்பி வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் போகிறது. லேப்டாப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே, கம்பித் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் ஒரு சின்ன ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினேன், இப்போது சார்ஜர் ஓடும்போதும் அமைதி.

ஒயர்களில் அளந்த மூன்று வோல்ட் எண்களையும் தேதி போட்டு ஆம்ப்ளிஃபயர் முதுகில் ஒட்டிவைத்திருக்கிறேன். புது ஒயரின் நுனிகளில் ஈரம் புகாமல், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டாயிற்று, அக்டோபரில் மழை விட்டதும் மறுபடி அளக்க வேண்டும்.